தங்கமும் தண்டமும்: வணிகக் கட்டுப்பாட்டு வழக்குகளில் இணக்கத் தீர்வு

(உரையின் எழுத்து வடிவம்)

பூதிகோட்டை என்றவுடன் வரலாறு பயில்வோருக்கு ஐதர் அலியின் நினைவு எழும். அவர் பிறந்த ஊர் இது. பொருளாதாரம் பயில்வோருக்கு இவ்வூர் வேறொரு காரணத்தால் கவனத்திற்குரியது. இதற்கு அணித்தே உள்ள கோலார் தங்க வயலில் 1880ஆம் ஆண்டு ஜான் டெய்லர் நிறுவனம் தொடங்கிய சுரங்கப் பணி, 2001 பிப்ரவரி 28ஆம் நாள் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்படும் வரை நடைபெற்றது. அக்காலத்தில் ஏறத்தாழ 800 டன் தங்கம் வெளிக்கொணரப்பட்டது. கன்னடத்தில் ‘பூதி’ என்றால் சாம்பல். சாம்பற் கோட்டைக்குப் பக்கத்திலேயே இவ்வளவு பொன் இருந்தது இயற்கையின் வேடிக்கை போலும்.

ஒரு பண்டம் எங்கே விளைகிறதோ, அதைப் பற்றிய கட்டுப்பாடும் பெரும்பாலும் அங்கேதான் முதலில் முளைக்கிறது. மைசூர் அரசு 1897ஆம் ஆண்டில் சுரங்க ஒழுங்குமுறைச் சட்டம் ஒன்றை இயற்றியது. பொன் கலந்த கல்லோ பாதரசம் சேர்ந்த பொற்கலவையோ ஒருவரிடம் காணப்பட்டால், அது நேர்வழியில் வந்தது என்று காட்டும் பொறுப்பு அவரையே சாரும் என்பது அச்சட்டத்தின் உயிர்நாடி. இதனை ஒட்டி வளர்ந்த கண்காணிப்பு முறைகளில் ஒன்றான கட்டைவிரல் ரேகைப் பதிவை எதிர்த்தே 1930ஆம் ஆண்டில் தங்க வயல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். வடஆர்க்காட்டிலிருந்து வந்து குடியேறிய தமிழ்த் தொழிலாளர்கள் அவர்களுள் மிகப் பலர்.

“வைத்திருப்பவரே விளக்க வேண்டும்” என்னும் இக்கருத்து பின்னர் நாடு முழுவதற்கும் பரவியது. 1878ஆம் ஆண்டின் கடல் சுங்கச் சட்டத்தில் 1955ஆம் ஆண்டு 178-ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. கள்ளக் கடத்தல் பொருள் என்ற நியாயமான நம்பிக்கையின் பேரில் தங்கம் கைப்பற்றப்பட்டால், அது கடத்தப்பட்டதன்று என மெய்ப்பிக்கும் பொறுப்பு உடைமையாளருடையது என்று அப்பிரிவு கூறியது. சென்னையிலிருந்து சென்ற ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1961ஆம் ஆண்டு அதனைச் செல்லத்தக்கதென ஏற்றது. 1962ஆம் ஆண்டின் சுங்கச் சட்டத்தில் அதுவே 123ஆம் பிரிவாயிற்று. இப்பிரிவு பின்னால் மீண்டும் குறுக்கிடப் போவதால் மாணவர்கள் அதன் எண்ணை நினைவில் வைப்பது நலம்.

கட்டுப்பாடு பிறந்த கதை

கோலார் சுரங்கங்கள் 1956ஆம் ஆண்டில் மைசூர் மாநில அரசின் வசமாயின. 1962 டிசம்பரில் மைய அரசின் நிதி அமைச்சகத்திற்கு மாற்றப்பட்டன. அடுத்த மாதமே, அதாவது 1963 ஜனவரியில், அதே அமைச்சகத்தின் தலைவராகிய மொரார்ஜி தேசாய் தங்கக் கட்டுப்பாட்டு விதிகளை அறிவித்தார். பொன்னைத் தோண்டும் பொறுப்பும், பொன்னைத் தொடுவோரைக் கட்டுப்படுத்தும் பொறுப்பும் ஒரே கூரையின் கீழ் வந்தன.

அறிவிப்புக்குக் காரணம் இருந்தது. சீனப் படையெடுப்பை அடுத்து அந்நியச் செலாவணி மிகவும் நெருக்கடியான நிலையில் இருந்தது. உலகச் சந்தையில் ஓர் அவுன்ஸ் 35 டாலர் என்ற விலைப்படி 10 கிராம் தங்கம் அன்றைய மாற்று விகிதத்தில் ஏறத்தாழ 54 ரூபாய். பம்பாய்ச் சந்தையிலோ அதைப்போல் இருமடங்கிற்கும் மேல். இத்தகைய இடைவெளி உள்ளவரை கடற்கரையில் எத்தனைக் காவற்படகுகள் இருந்தும் கடத்தல் நிற்காது. ஆகவே வெளியே தடுக்க முடியாததை உள்ளே தேவையைக் குறைத்துத் தடுக்கலாம் என்று அரசு கருதியது. புதிய நகைகள் 14 காரட்டுக்கு மேற்படக் கூடாது. நகையல்லாத தங்கத்தை அனைவரும் அறிவிக்க வேண்டும். வணிகர் உரிமம் பெற வேண்டும் என்பன விதிகளின் முக்கியக் கூறுகள்.

22 காரட்டில் கைபழகிய தட்டார்களுக்கு 14 காரட் என்பது வேறொரு உலோகம் என்றே சொல்லலாம். தகடாக அடிக்கையில் விரிசல் காணும். மக்களும் அதை விரும்பி வாங்கவில்லை. வேலையிழந்த பொற்கொல்லர்களுள் சிலர் உயிரை மாய்த்துக் கொண்ட செய்திகள் நாடாளுமன்றத்தை உலுக்கின. காரட் வரம்பு 1966இல் நீக்கப்பட்டது. ஆனால் கட்டுப்பாடு நீங்கவில்லை. 1968ஆம் ஆண்டில் தங்க (கட்டுப்பாட்டு)ச் சட்டமாக நிலைபெற்றது. காரட்டைப் பற்றிய சிக்கல் தீர்ந்தது. கணக்கைப் பற்றிய சிக்கல் தொடங்கியது.

ஒன்பது கிராம்

இச்சட்டத்தின் கீழ் எழுந்த வழக்குகள் நேரே நீதிமன்றம் செல்வதில்லை. துறை அலுவலரே சோதனையிடுவார். துறையே காரணங்கேட்கும் அறிவிப்பு அனுப்பும். துறையைச் சேர்ந்த உயர் அலுவலரே விசாரித்து ஆணையிடுவார். குற்றவழக்கு வேண்டுமாயின் அது தனியாகத் தொடரப்படும். இதனைத் துறைத் தீர்ப்பு என்பர். விரைவும் தொழில் நுணுக்க அறிவும் இதன் நன்மைகள். வழக்கைத் தொடுப்பவரும் முடிப்பவரும் ஒரே துறையினராக இருப்பது இதன் பலவீனம்.

இது நடைமுறையில் எப்படி இயங்கியது என்பதை ஒரு கற்பனை எடுத்துக்காட்டால் விளக்கலாம். 1970களில் இப்பகுதியில் சான்று பெற்ற பொற்கொல்லர் ஒருவர் பட்டறை வைத்திருப்பதாகக் கொள்வோம். அவர் 300 கிராமுக்கு மேல் முதல்நிலைத் தங்கம் வைத்திருத்தல் ஆகாது. வரவு செலவு ஒவ்வொன்றையும் பதிவேட்டில் எழுத வேண்டும். சோதனைக்கு வந்த அலுவலர் தராசில் நிறுத்துப் பார்க்கிறார். பதிவேட்டில் 212 கிராம். தராசில் 221 கிராம். ஒன்பது கிராம் மிகுதி.

இந்த ஒன்பது கிராம் எங்கிருந்து வந்தது? கடத்தல் தங்கமாக இருக்கலாம். ஆனால் பட்டறையின் இயல்பை அறிந்தோர் வேறு பல விடைகளையும் சொல்வர். காலையில் ஒரு வாடிக்கையாளர் கொடுத்த பழைய சங்கிலி, பதிவு எழுதப்படுமுன் உருக்கப்பட்டிருக்கும். பற்றவைக்க இட்ட பொடி எடையைக் கூட்டியிருக்கும். அரம் இழைத்த தூளும் தரையைக் கூட்டியள்ளிய மண்ணும் பல மாதங்களுக்குப் பின் ஒருநாள் உமியோட்டில் வைத்து உருக்கப்பட்டுச் சிறு மணியாகத் திரும்பியிருக்கும். செய்கூலியோடு சேதாரம் என்று தனியே ஒன்று பேசப்படுவதே இத்தொழிலின் வழக்கம்; எடை கூடவும் குறையவும் செய்யும் என்பதை வாடிக்கையாளரும் அறிவார். பதிவேட்டை வகுத்தவர்கள் மட்டும் அதனை அறிந்ததாகத் தெரியவில்லை.

இனி வழக்கு தன் போக்கில் செல்கிறது. மகஜர் எழுதப்பட்டுத் தங்கம் கைப்பற்றப்படுகிறது. ஆறு மாதங்களுக்குள் காரணங்கேட்கும் அறிவிப்பு கொடுக்கப்படாவிட்டால் தங்கத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று சட்டம் கூறியது. ஆகவே ஐந்தாம் ஆறாம் மாதங்களில் அறிவிப்பு வரும். விடையளிக்க அவகாசம், நேரில் கேட்கப்படுதல், பின்பு ஆணை. அலுவலர் தங்கத்தைப் பறிமுதல் செய்யலாம்; அதற்குப் பதிலாக மீட்புத் தண்டம் செலுத்தித் திரும்பப் பெற வாய்ப்பளிக்கலாம்; அதற்கும் மேல் அபராதம் விதிக்கலாம். அபராதத்தின் உச்ச வரம்பு தங்கத்தின் மதிப்பைப் போல் ஐந்து மடங்கு அல்லது ஆயிரம் ரூபாய், இவற்றுள் எது மிகுதியோ அது. ஒவ்வொரு தவணைக்கும் பூதிகோட்டையிலிருந்து பங்காரப்பேட்டை சென்று அங்கிருந்து இரயிலேறிப் பெங்களூர் போக வேண்டும். பட்டறை அன்று மூடிக்கிடக்கும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. பட்டறையில் உள்ள தங்கம் பெரும்பாலும் பொற்கொல்லருடையதன்று. திருமணத்திற்கு நகை செய்யக் கொடுத்தவருடையது. உடைமையாளர் அறியாமல் நடந்த மீறலுக்காக அவர் தங்கத்தைப் பறிமுதல் செய்தல் ஆகாது என்று சட்டமே காப்பு அளித்திருந்தது. ஆனால் தங்கம் தம்முடையது என்று அவர் மெய்ப்பிக்க வேண்டுமே! வாய்ச்சொல்லின் பேரில் பரம்பரையாக நகை கொடுத்து வாங்கிய குடும்பங்களிடம் எந்தச் சீட்டு இருக்கும்? தை மாதத்தில் நடக்க வேண்டிய திருமணத்திற்கான பொன் துறையின் பெட்டகத்தில் இருக்க, உடைமையாளரும் பொற்கொல்லரும் ஒருவர்மேல் ஒருவர் நம்பிக்கை இழப்பதே இத்தகைய வழக்கின் உண்மையான தண்டனையாக அமையும்.

ஒன்பது கிராம் வழக்கும் ஒன்பது கிலோ வழக்கும் ஒரே படிகளில் ஏறி இறங்க வேண்டியிருந்தன என்பதே குறை. பெரிய வழக்கில் சிக்கியவருக்கு வழக்கறிஞர் உண்டு. காலதாமதம் அவருக்கு நன்மையே. சிறியவருக்கோ தாமதமே தண்டம்.

சிறியவருக்கு வழி இல்லாத அக்காலத்தில் பெரியவருக்கு ஒரு வழி திறக்கப்பட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1965ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட தேசியப் பாதுகாப்புத் தங்கப் பத்திரத் திட்டத்தில் தங்கத்தை ஒப்படைத்தவர்களிடம் அது எவ்வாறு வந்தது என்று கேட்கப்படமாட்டாது என உறுதி அளிக்கப்பட்டது. போர்க்காலத் தேவையை முன்னிட்டுச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. அதன் நியாயத்தை முற்றிலும் மறுக்க இயலாது. எனினும் பொருளாதார நோக்கில் அதுவும் ஓர் இணக்கத் தீர்வே: அரசு தன் கேள்வியை விட்டுக் கொடுத்தது, உடைமையாளர் தம் தங்கத்தை விட்டுக் கொடுத்தார். ஒப்படைக்க மிகுதியாகத் தங்கம் உள்ளவருக்கே அந்தக் கதவு பயன்பட்டது.

நீதிமன்றமும் நீக்கமும்

ஹரக்சந்த் ரத்தன்சந்த் பாந்தியா வழக்கில் 1969ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், சட்டத்தை இயற்ற நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என ஏற்றுக்கொண்டு, சில பிரிவுகளை மட்டும் செல்லாதவை என்று தள்ளியது. உரிமம் வழங்குவதற்கு எதிர்பார்க்கப்படும் தேவை, விண்ணப்பதாரரின் தகுதி என்றெல்லாம் வரையறையற்ற சொற்களை அளவுகோலாக வைத்திருந்த பிரிவு அவற்றுள் ஒன்று. அதே ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டது. 1982 அக்டோபரில் சுங்கம், ஆயத்தீர்வை, தங்கக் கட்டுப்பாடு ஆகியவற்றுக்கான மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அமைக்கப்பட்டதால், துறைக்கு வெளியே ஒரு செவி கிடைத்தது.

1990 ஜூனில் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீக்கப்பட்டது. சட்டம் நீங்கினால் வழக்கும் நீங்கிவிடும் என்று பலர் எண்ணக்கூடும். அவ்வாறன்று. நீக்கப்பட்ட சட்டத்தின் கீழ் முன்னரே ஏற்பட்ட பொறுப்புகள், வேறு கருத்து வெளிப்படாதவரை, தொடரும் என்பது பொது வாசகங்கள் சட்டத்தின் 6ஆம் பிரிவில் உள்ள விதி. எனவே நாட்டிற்கே வேண்டாமென முடிவு செய்யப்பட்ட ஒரு கட்டுப்பாட்டை மீறியதற்காக விசாரணைகளும் மேல்முறையீடுகளும் பின்னும் நடைபெற்றன. தீர்ப்பாயத்தின் பெயர்ப் பலகையில் இருந்த ‘தங்கக் கட்டுப்பாடு’ என்னும் சொல் 2003ஆம் ஆண்டில்தான் எடுக்கப்பட்டது.

தீர்வு ஆணையம்

வரித் துறையில் வழக்குகளை இணக்கமாக முடிக்கும் சிந்தனைக்கு வாஞ்சூ குழுவின் 1971ஆம் ஆண்டு அறிக்கை தூண்டுகோலாயிற்று. தவறிய வரிசெலுத்துவோர் உண்மையைச் சொல்லித் திருந்த விரும்பினால் அதற்கு ஒரு வாயில் இருக்க வேண்டும் என்பது அக்குழுவின் கருத்து. அதன்படி வருமான வரித் தீர்வு ஆணையம் 1976ஆம் ஆண்டில் ஏற்பட்டது. சுங்கம், ஆயத்தீர்வைக்கு இத்தகைய ஆணையம் 1998ஆம் ஆண்டின் நிதிச் சட்டத்தால் உருவாயிற்று. தென்மாநிலங்களுக்கான அமர்வு சென்னையில் இயங்கியது.

அதன் முறை எளியது. விண்ணப்பதாரர் துறைக்கு முன்னர் தெரிவிக்காத தீர்வைப் பொறுப்பை முழுமையாகவும் உண்மையாகவும் ஆணையத்தின்முன் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்ட தீர்வையை வட்டியுடன் கட்ட வேண்டும். ஆணையம் மனநிறைவுற்றால் அபராதத்திலிருந்து முழுமையாகவோ பகுதியாகவோ விலக்களிக்கலாம். குற்றவழக்கிலிருந்தும் காப்பு அளிக்கலாம். உண்மையை மறைத்தது பின்னர் தெரியவந்தால் காப்பு பறிபோகும். நல்ல ஏற்பாடு என்பதில் ஐயமில்லை.

ஆனால் வாயிலில் இரண்டு தடைகள் இருந்தன. ஒப்புக்கொள்ளும் கூடுதல் தீர்வை மூன்று லட்சம் ரூபாய்க்கு மேற்பட்டால்தான் விண்ணப்பிக்கலாம் என்பது ஒன்று. சிறு வழக்குகளால் ஆணையம் திணறக் கூடாதென்பது இதன் நோக்கம். விளைவு யாதெனில், ஐம்பதாயிரம் ரூபாய் ஏய்த்தவர் வழக்கமான படிகளில் ஏறி இறங்க, ஐம்பது லட்சம் ஏய்த்தவர் ஆணையத்தில் ஒரே அமர்வில் அமைதி பெற்றார். மற்றொரு தடை தங்கத்தைப் பற்றியது. 123ஆம் பிரிவுக்குட்பட்ட பொருள்களைப் பற்றிய விண்ணப்பம் ஏற்கப்படாது என்று சட்டம் கூறியது. போதைப் பொருளுக்கும் இதே விலக்கு. 1897ஆம் ஆண்டில் இம்மண்ணில் முளைத்த ஐயம் நூறாண்டு கழித்தும் தங்கத்தை விட்டு நீங்கவில்லை!

வருமான வரித் தீர்வு ஆணையம் 2021 பிப்ரவரி முதல் நிறுத்தப்பட்டது. சுங்கத்துறை ஆணையத்திற்கும் 2025ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் முற்றுப்புள்ளி வைத்தது. அவ்வாண்டு ஏப்ரல் 1 முதல் புதிய விண்ணப்பங்கள் இல்லை. தேங்கியவற்றை முடிக்க இடைக்கால வாரியங்கள் ஏற்படுத்தப்பட்டன.

எஞ்சியுள்ள வாயில்கள்

ஆணையம் போயினும் இணக்கத் தீர்வு என்னும் கருத்து போகவில்லை. மறைப்போ கூட்டுச்சதியோ காரணமாகக் குறைவாகக் கட்டப்பட்ட தீர்வை குறித்து அறிவிப்பு வந்த 30 நாள்களுக்குள் தீர்வையையும் வட்டியையும் 15 விழுக்காடு அபராதத்தையும் கட்டினால் நடவடிக்கை முடிந்ததாகக் கொள்ளும் விதி சுங்கச் சட்டத்தின் 28ஆம் பிரிவில் உள்ளது. முன்பு 25 விழுக்காடாக இருந்தது 2015இல் குறைக்கப்பட்டது. குற்றவழக்கை இணக்கமாக முடிக்க 137ஆம் பிரிவும், பறிமுதலான பொருளை மீட்க 125ஆம் பிரிவும் உள்ளன. இவற்றுள் 28ஆம் பிரிவின் ஏற்பாடே சிறியவருக்கு மிகவும் உகந்தது எனலாம். விலை முன்கூட்டியே தெரியும். எவரையும் கெஞ்ச வேண்டுவதில்லை. அலுவலரின் மனப்போக்குக்கும் அதில் இடமில்லை.

1992ஆம் ஆண்டின் அயல்நாட்டு வணிக (வளர்ச்சி, ஒழுங்குமுறை)ச் சட்டம் மற்றொரு வகை. அதன் 11ஆம் பிரிவும் 1993ஆம் ஆண்டு விதிகளில் 16ஆம் விதியும், மீறலை ஒப்புக்கொள்பவரின் வழக்கை ஒரு தொகை வாங்கி முடிக்க இடந்தருகின்றன. எத்தகைய வழக்கு என்பதையும் விதியே சொல்கிறது: வேண்டுமென்றே செய்யாதது, மோசடியோ மறைப்போ இல்லாதது, ஏற்றுமதிக் கடப்பாடு நிறைவேறாவிடினும் இறக்குமதிப் பொருள் தவறாகப் பயன்படுத்தப்படாதது. தாள் தவறுக்கும் மனத் தவறுக்கும் இடையே கோடு கிழிக்கும் முயற்சி இது. 1968ஆம் ஆண்டுச் சட்டத்தில் இத்தகையதொரு கோடு இருந்திருக்குமாயின் மேலே கண்ட ஒன்பது கிராம் வழக்கு ஒரு நாளில் முடிந்திருக்கும்.

அந்நியச் செலாவணித் துறையில் மாற்றம் இன்னும் ஆழமானது. 1973ஆம் ஆண்டுச் சட்டம் மீறலைக் குற்றமாகக் கருதியது. 2000 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் அதனைப் பெரும்பாலும் உரிமையியல் தவறாகவே கருதுகிறது. மீறியவர் தாமே ரிசர்வ் வங்கியிடம் விண்ணப்பித்து, 180 நாள்களுக்குள் ஆணை பெற்று, 15 நாள்களுக்குள் தொகையைக் கட்டி விடுபடலாம். தொகையைக் கணக்கிடும் வாய்பாட்டை வங்கி வெளியிட்டுள்ளது. 2016 ஜூன் முதல் ஆணைகளையும் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கிறது. பயங்கரவாத நிதி, பணச்சலவை போன்ற ஐயம் உள்ளவை இவ்வழியில் வரா.

ஆணைகளை வெளியிடுவதன் பயனை மிகைப்படுத்த முடியாது. எந்தத் தவறுக்கு எவ்வளவு தொகை என்று அடுத்தவர் பார்த்துக்கொள்ளலாம். தமக்கு மட்டும் கூடுதலாக விதிக்கப்பட்டதா என்றும் ஒப்பிடலாம்.

அமெரிக்காவில் இவ்வழக்கம் நெடுநாளாக உண்டு. பொருளாதாரத் தடைகளை நிறைவேற்றும் அந்நாட்டு நிதித்துறை அலுவலகம் 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, தாமே முன்வந்து மீறலைத் தெரிவிப்பவருக்கு அடிப்படை அபராதம் பாதியாகக் குறைகிறது. ஏற்றுமதிக் கட்டுப்பாட்டைக் கவனிக்கும் வணிகத்துறை அமைப்பு, சீன நிறுவனமாகிய ஹூவாய்க்கு வன்தட்டுகள் விற்றமைக்காக சீகேட் நிறுவனத்துடன் 2023 ஏப்ரலில் 30 கோடி டாலருக்குத் தீர்வு கண்டது. அதே அமைப்பு 2017இல் இசட்.டி.இ. நிறுவனத்துடன் செய்துகொண்ட தீர்வு வேறு பாடம் தருகிறது. அந்நிறுவனம் கொடுத்த உறுதிகளைக் காக்கவில்லை என்று 2018இல் கண்டதும் அதற்கு அமெரிக்கப் பொருள்கள் விற்கப்படுவதே தடைசெய்யப்பட்டது. பின்னர் 100 கோடி டாலர் அபராதமும், உறுதிப் பணமாக 40 கோடி டாலரும் பெற்ற பிறகே தடை நீங்கியது. இணக்கம் என்பது மறதி அன்று. மீறினால் பழைய வழக்கு எழுந்து நிற்கும்.

ஆனால் அங்குள்ள முறையை அப்படியே போற்றுவதும் பொருந்தாது. பெரு நிறுவனம் அபராதத்தைச் செலவுக் கணக்கில் ஒரு வரியாக எழுதிவிட்டு அடுத்த ஆண்டும் அதையே செய்யுமாயின், தீர்வு என்பது மீறலுக்கான உரிமக் கட்டணமாக மாறிவிடும். தொகை, மீறலால் வந்த ஆதாயத்திற்குக் குறையாமல் இருந்தாலொழிய இது தடைபடாது.

மேசைக்கு அப்பால்

சட்டங்களில் இவ்வளவு வாயில்கள் இருந்தும் ஏன் வழக்குகள் தேங்குகின்றன? அலுவலர்கள் இதனை நன்கறிவர். மாணவர்கள் அறிய வாய்ப்பில்லை. பத்து லட்சம் ரூபாய்க்குக் காரணங்கேட்கும் அறிவிப்பு கொடுக்கப்பட்ட வழக்கை ஓர் அலுவலர் இரண்டு லட்சத்திற்கு இணக்கமாக முடித்தால், தணிக்கையாளர் எட்டு லட்சம் எங்கே என்று கேட்பார். கண்காணிப்புப் பிரிவும் கேட்கலாம். மாறாக, பத்து லட்சத்தையும் உறுதிசெய்து ஆணையிட்டு, அது மேல்முறையீட்டில் முழுவதும் தள்ளப்பட்டால் யாரும் அவரை எதுவும் கேட்பதில்லை. காலமும் செலவும் வணிகருடையவை, பழி எவருடையதுமன்று. இந்நிலையில் விவேகமுள்ள அலுவலரும் கடுமையையே பாதுகாப்பாகக் கருதுவது மனித இயல்பு. அவரைக் குறைகூறிப் பயனில்லை. மேல்முறையீட்டில் நிலைத்த தொகையை அளவாகக் கொள்ளாமல், ஆணையில் எழுதிய தொகையை அளவாகக் கொள்ளும் மதிப்பீட்டு முறையே திருத்தப்பட வேண்டியது.

காரணத்தை எழுதி வைத்த தீர்வுக்கும், வாய்பாட்டின்படி அமைந்த தீர்வுக்கும் தணிக்கையில் காப்பு வேண்டும். அலுவலரின் உசிதத்திற்கு விடப்படும் பகுதி எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்கு இருபுறமும் அச்சம் குறையும். இடைத்தரகருக்கும் வேலை குறையும். 2023ஆம் ஆண்டின் ஜன் விசுவாஸ் சட்டம் 42 சட்டங்களில் 183 விதிகளைத் திருத்திச் சிறைத் தண்டனைகள் பலவற்றை நீக்கியது. அதுவும் இத்திசையிலான முயற்சியே. சிறைக்குப் பதில் வந்த அபராதத்தை யார், எந்த அளவுகோலால் விதிப்பார் என்பதில்தான் அதன் வெற்றி அடங்கியிருக்கிறது.

கோட்டை வழக்கு எழுந்த பின் கிழிப்பதைவிட முன்பே கிழிப்பது மேல். தங்கத்தைப் பொறுத்தவரை அண்மையில் அது ஓரளவு நடந்துள்ளது. 2021 ஜூன் முதல் மாவட்டம் மாவட்டமாகக் கட்டாயமாக்கப்பட்டு வரும் தர முத்திரைத் திட்டத்தில், தூய்மை முத்திரையும், 2023 ஏப்ரல் முதல் ஆறு இலக்க அடையாளக் குறியும் இல்லாமல் நகை விற்கலாகாது. இந்தியத் தர நிர்ணய அமைவனச் சட்டம், 2016, முதல்முறை செய்த சில குற்றங்களைத் தொகை செலுத்தி முடிக்க 33ஆம் பிரிவில் வழிசெய்திருக்கிறது. ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நகை வணிகருக்குக் கட்டாயத்திலிருந்தே விலக்கு அளிக்கப்பட்டது. பூதிகோட்டை போன்ற ஊர்களில் ஓர் உமியோடும் ஒரு தராசும் வைத்துத் தொழில் செய்பவர்கள் பெரும்பாலும் இவ்வரம்பினுள் வருபவர்கள். 1963இல் அவர்களுக்கு இத்தகைய வரம்பு ஏதும் இருக்கவில்லை.